மணி அடிக்காத ஆறு மணி நேரம்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இந்த நிகழ்வு ஏன் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது என்று புரியும். சில வருடங்களுக்கு முன்பு ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்ட், சர்வர்களைக் கண்காணிக்கும் வேலை. ஒரு நாள் இரவு டேஷ்போர்டு முழுக்கப் பச்சையாக இருந்தது, ஒரு புகார் டிக்கெட் கூட வரவில்லை. நாங்கள் நான்கு பேரும் இரண்டு தடவை டீ குடிக்கப் போய்விட்டு வந்தோம். விடிந்த பிறகுதான் தெரிந்தது, ஆர்டர்கள் வந்து விழும் வரிசை ராத்திரி ஒன்றரை மணிக்கே அடைத்துக்கொண்டுவிட்டது என்று. சர்வர்கள் எல்லாம் உயிரோடுதான் இருந்தன, ஆர்டர்தான் ஒன்றும் உள்ளே வரவில்லை. மேனேஜர் கத்தவில்லை. "ஏம்பா, அஞ்சு மணி நேரமா ஒரு ஆர்டர் கூட வரலையே, ஒருத்தருக்கும் தோணலையா?" என்று மட்டும் கேட்டார். தோணவில்லை. அமைதியாக இருந்தது, நல்ல ராத்திரி என்று நினைத்துக்கொண்டோம்.

எங்களுக்குப் போனது கொஞ்சம் பணம், அவ்வளவுதான். அதே மாதிரி ஓர் அமைதி 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் 911 அவசர அழைப்பு அமைப்பில் விழுந்தது. ஏழு மாநிலங்கள், 83 அழைப்பு மையங்கள், அவற்றை நம்பியிருந்த 1.1 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். கிட்டத்தட்ட ஆறு மணி நேரத்தில் 6,600-க்கும் அதிகமான 911 அழைப்புகள் எந்த மையத்துக்கும் போய்ச் சேரவில்லை. புயல் இல்லை, நிலநடுக்கம் இல்லை, யாரும் கேபிளை வெட்டவில்லை. கம்ப்யூட்டரில் அழைப்புகளை எண்ணும் ஒரு கவுண்டர் நான்கு கோடியைத் தொட்டது, அதோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டது.

அந்த ராத்திரி

ஏப்ரல் 9, புதன்கிழமை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் நள்ளிரவு ஆகச் சில நிமிடங்கள் இருந்தன. கிழக்குக் கரையில் அப்போது ஏறக்குறைய மூன்று மணி, அதாவது எந்த மையத்திலும் அழைப்புகள் குறைவாக வரும் நேரம். வாஷிங்டன் மாநிலம் முழுவதும், கலிபோர்னியா, புளோரிடா, மின்னசோட்டா, வட கரோலினா, தென் கரோலினா, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளிலும் 911 அழுத்தியவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. பலருக்குக் கேட்டது பிஸி டோன்தான்.

சியாட்டிலுக்கு வடக்கே எவரெட் என்ற ஊரில் ஒரு பெண்ணின் வீட்டு ஜன்னல் வழியாக யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறான். அவர் 911 அழுத்துகிறார், கிடைக்கவில்லை, மறுபடி அழுத்துகிறார். குறைந்தது 37 தடவை அழுத்தினார் என்று அப்போது செய்திகளில் வந்தது. கடைசியில் சமையலறைக் கத்தியைக் கையில் எடுத்தார், வந்தவன் ஓடிவிட்டான். 37 தடவை என்று எழுதுவது சுலபம். ஒருதரம் உங்கள் போனில் மூன்று எண்களை அழுத்தி, டோன் கேட்டு, வைத்துவிட்டு, மறுபடி அழுத்திப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறதென்று. நான் வேறு எண்ணை வைத்துச் செய்து பார்த்தேன், பத்தாவது தடவையிலேயே விரல் தடுமாற ஆரம்பித்தது, அதுவும் ஜன்னலில் யாரும் இல்லாமல்.

அந்த ராத்திரி வாஷிங்டனில் போய்ச் சேராமல் போன அழைப்புகளில் குடும்ப வன்முறை இருந்தது, அடிதடி இருந்தது, சாலை விபத்து, மாரடைப்பு, அளவுக்கு மீறிப் போதைமருந்து எடுத்த ஒருவர் என்று எல்லாம் இருந்தன. இதனால் யாரும் செத்துப்போனதாகத் தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது, அது அமைப்பின் சாமர்த்தியம் இல்லை.

சரி, அழைத்தவர்களுக்காவது ஏதோ கோளாறு என்று தெரிந்தது. மறுமுனையை யோசித்துப் பாருங்கள். ஹெட்செட் மாட்டிக்கொண்டு, நான்கைந்து திரைகள் எதிரே இருக்க உட்கார்ந்திருக்கும் அழைப்பு எடுப்பவருக்கு என்ன தெரியும்? போன் அடிக்கவில்லை. புதன்கிழமை ராத்திரிதானே, அடிக்காமல் இருப்பது அதிசயமா? லைன் செத்தால் விளக்கு எரியும், கரண்ட் போனால் தெரியும். 'எனக்கு வரவேண்டிய அழைப்பு வரவில்லை' என்று காட்டும் விளக்கு எந்த மையத்திலும் கிடையாது. ரோந்து போலீஸோ அக்கம்பக்கத்து மையமோ, மையத்தின் சாதாரணப் பத்து இலக்க எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்த யாரோ ஒருவரோ சொல்லித்தான் பல இடங்களில் விஷயம் வெளியே வந்தது. அதன் பிறகு அந்தப் பத்து இலக்க எண்களை ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டார்கள், அந்த நேரத்தில் விழித்திருந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

கொலராடோவில் ஒரு கவுண்டர்

911 அழைப்பு முதலில் டெலிபோன் கம்பெனிக்குப் போகும், அங்கிருந்து 'இந்த இடத்திலிருந்து வரும் அழைப்பு இந்த மையத்துக்கு' என்று திருப்பிவிட வேண்டும். பழைய காலத்தில் இந்தத் திருப்பிவிடும் வேலை அந்தந்த ஊர் எக்ஸ்சேஞ்சிலேயே நடந்தது. அதில் கோளாறு வந்தால் ஒரு ஊரோ ஒரு மாவட்டமோதான் பாதிக்கப்படும். இன்டர்நெட் முறைக்கு மாறியபோது இந்த வேலையைப் பெரிய கம்ப்யூட்டர் மையங்களுக்குக் கொண்டுபோனார்கள். செலவு குறைவு, வசதி அதிகம். வாஷிங்டன் மாநிலம் செஞ்சுரிலிங்க் கம்பெனியிடம் ஒப்பந்தம் போட்டது, செஞ்சுரிலிங்க் திருப்பிவிடும் வேலையை இன்ட்ராடோ என்ற கம்பெனியிடம் கொடுத்தது. இன்ட்ராடோவுக்கு இரண்டு மையங்கள், ஒன்று கொலராடோவில் எங்கிள்வுட், இன்னொன்று மயாமி. ஒன்றுக்கு ஆபத்து வந்தால் இன்னொன்று தாங்கும் என்பது ஏற்பாடு.

எங்கிள்வுட் சாஃப்ட்வேர் தன்னிடம் வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் அடையாள எண் கொடுக்கும். டோக்கன் மாதிரி. அந்த டோக்கன் இருந்தால்தான் பழைய வகை லைன்கள் வழியாக அழைப்பு மையத்துக்குப் போகும். டோக்கன் எண்ணுக்கு ஓர் உச்ச வரம்பு வைத்திருந்தார்கள், 4 கோடி. அந்த வரம்பு வைக்கப்பட்ட நாளில் அது ரொம்பப் பெரிய எண்ணாகத்தான் தோன்றியிருக்கும். பழைய ஸ்கூட்டர் மீட்டரில் 99999 வந்தால் மறுபடி 00000-க்குத் திரும்பும், வண்டி பாட்டுக்கு ஓடும். இங்கே மீட்டர் நின்றது, வண்டியும் நின்றது. அடுத்து வந்த அழைப்புக்கு டோக்கன் இல்லை. டோக்கன் இல்லாத அழைப்புக்கு வழி இல்லை.

மயாமி ஏன் கைகொடுக்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு முக்கியமான இடம். எங்கிள்வுட் மொத்தமாகப் படுத்திருந்தால் மயாமி எடுத்துக்கொண்டிருக்கும். எங்கிள்வுட் படுக்கவில்லையே. சர்வர் ஓடுகிறது, கரண்ட் இருக்கிறது, நெட்வொர்க் இருக்கிறது, அழைப்பை வாங்கவும் செய்கிறது. வாங்கி வெளியே அனுப்புவது மட்டும்தான் இல்லை. மாற்று ஏற்பாடு செய்பவர்கள் எல்லோரும் சாவைத்தான் மனதில் வைத்துச் செய்கிறார்கள், பாதி உயிரோடு கிடப்பதை யாரும் நினைப்பதில்லை. எங்கள் ஆர்டர் வரிசையிலும் நடந்தது இதேதான்.

அலாரம் அடிக்கவில்லையா என்றால், அடித்தது. அடையாள எண் கொடுக்க முடியவில்லை என்று கம்ப்யூட்டர் பதிவு செய்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அந்த அலாரத்துக்கு யாரோ ஒரு காலத்தில் 'கீழ்மட்டம்' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். கீழ்மட்ட அலாரம் கண்ணைப் பறிக்காது, பத்தோடு பதினொன்றாகப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்காணிப்பு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கில் இந்த மாதிரி வரும், முக்கால்வாசி தானே சரியாகிவிடும், 'புலி வருது புலி வருது' கதைதான். உட்கார்ந்திருந்தவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு அழைப்பு போகவில்லை என்றால் அது கீழ்மட்டமாக இருக்கலாம், ஆயிரம் அழைப்பு போகவில்லை என்றாலும் அதே கீழ்மட்ட முத்திரையோடு ஆயிரம் தடவை வரும்படி அமைத்ததுதான் தப்பு.

இதற்கு மேல் ஒரு குழப்பம் வேறு. அதே ராத்திரி பக்கத்து மாநிலமான ஓரிகானில் வேறொரு காரணத்தால் 911 சேவை கொஞ்ச நேரம் பாதிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றா வேறா என்று பிரித்துப் பார்ப்பதிலும் நேரம் போயிருக்கிறது. காலை ஆறு மணி வாக்கில் இன்ட்ராடோ அழைப்புகளைக் கைமுறையாக மயாமிக்குத் திருப்பிவிட்டது, மணி அடிக்க ஆரம்பித்தது. அதாவது வழி இருந்தது, ராத்திரி முழுக்க இருந்தது.

வெயில் நாள்

இதை விசாரித்த மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம், எல்லோரும் சுருக்கமாகச் சொல்கிற எஃப்சிசி, 2014 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. அதில் இந்த மாதிரிச் சம்பவங்களுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள், வெயில் நாள் செயலிழப்பு என்று. மழையும் இல்லை, இடியும் இல்லை, ஆனாலும் சேவை இல்லை என்ற அர்த்தத்தில்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு வருடத்துக் கதை இருக்கிறது. 2012 ஜூன் 29 அன்று அமெரிக்காவின் மத்தியப் பகுதியிலிருந்து கிழக்கு வரை பயங்கரமான சூறைக்காற்று அடித்தது. ஆறு மாநிலங்களில் 77 அழைப்பு மையங்கள் ஏதோ ஒரு வகையில் தொடர்பை இழந்தன, 36 லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு, அதில் 17 மையங்கள் முழுசாகவே சேவையை இழந்தன. மோசமாக அடிவாங்கியது தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியா, டெலிபோன் கம்பெனிக் கட்டடங்களில் கரண்ட் போய் ஜெனரேட்டரும் கைவிட்டதால். அதைப் பார்த்து எஃப்சிசி 2013 டிசம்பரில் விதிகள் கொண்டுவந்தது. லைன்கள் ஒரே வழியாகப் போகக்கூடாது, மாற்று மின்சாரம் இருக்கவேண்டும், நெட்வொர்க் கண்காணிப்பு ஒரே இடத்தை நம்பி இருக்கக்கூடாது, இதெல்லாம் சரியாக இருக்கிறது என்று கம்பெனிகள் ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கவேண்டும். எல்லாமே நல்ல விதிகள்தான். நான்கே மாதத்தில் வந்த ஏப்ரல் ராத்திரி அன்று லைன் நன்றாக இருந்தது, கரண்ட் நன்றாக இருந்தது. போன தடவை வந்த திருடனுக்காக முன்வாசலில் பூட்டு போட்டிருந்தார்கள், பின்வாசல் வழியாக வந்துவிட்டான்.

தண்டனை வந்தது. 2015-இல் செஞ்சுரிலிங்க் 1.6 கோடி டாலர், இன்ட்ராடோ 14 லட்சம் டாலர், கலிபோர்னியாவில் சம்பந்தப்பட்ட வெரைசான் என்ற டெலிபோன் கம்பெனி 34 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. தொகைகளை விட, எதற்காக என்பதைப் பாருங்கள். சாஃப்ட்வேர் பிழைக்காக மட்டும் இல்லை. சேவை போனதை அழைப்பு மையங்களுக்கு உரிய நேரத்தில் சொல்லவில்லை என்பதும் அதில் பெரிய குற்றச்சாட்டு. சேவை பாதிக்கப்பட்டது தெரிந்தால் முடிந்தவரை சீக்கிரம், அதிகபட்சம் 30 நிமிடத்துக்குள் மையங்களுக்குச் சொல்லவேண்டும் என்பது விதி. எஃப்சிசி பிடித்த இடம் சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன். சாஃப்ட்வேரில் பிழை இருக்கும், இனிமேலும் இருக்கும், அதை ஒழித்துவிடுவோம் என்பவரை நம்பாதீர்கள். ஆனால் நள்ளிரவிலேயே 'உங்கள் லைன் வேலை செய்யவில்லை' என்று ஒரே ஒரு போன் வந்திருந்தால், மையங்கள் ஆறு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்காது, பத்து இலக்க எண்ணை எல்லா வழியிலும் பரப்பியிருக்கும், ரோந்து வண்டிகளைத் தெருவில் அதிகமாக விட்டிருக்கும்.

இதில் ஒப்பந்தச் சங்கிலியின் பங்கும் உண்டு. மாநிலத்துக்குத் தெரிந்தது செஞ்சுரிலிங்க். செஞ்சுரிலிங்குக்குத் தெரிந்தது இன்ட்ராடோ. இன்ட்ராடோவின் அலாரப் பட்டியலில் என்ன ஓடுகிறது என்று அழைப்பு மையத்தில் ஹெட்செட் மாட்டியவருக்கு எந்த ஜென்மத்திலும் தெரியப்போவதில்லை. இவர் அவரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, அதற்குள் விடிந்துவிட்டது.

எதைச் சரிசெய்தார்கள், எது பாக்கி

கவுண்டரின் வரம்பை உயர்த்தினார்கள். அது செய்துதான் ஆகவேண்டும், ஆனால் அதை மட்டும் செய்தால் ஒட்டுப்போட்ட டயர்தான். உருப்படியான மாற்றம் இன்னொன்று: வரும் அழைப்புகளில் எத்தனை சதவீதம் உண்மையில் போய்ச் சேர்கிறது என்று பார்த்து, அது குறைந்தால் பெரிய அலாரம் அடிக்கவைப்பது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதற்கும், சர்வர் வேலை செய்கிறதா என்று கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் கம்பெனியில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு போலி ஆர்டர் தானே விழும்படி செய்தோம், அது மறுமுனைக்கு வரவில்லை என்றால் எல்லோருடைய போனும் அலறும். 911 மாதிரி அமைப்புக்கும் இதைச் செய்யலாம் என்பது என் கட்சி. மையத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை அழைப்பு வரட்டும், மனிதர் எடுக்கவேண்டியதில்லை, இயந்திரம் எடுத்துக்கொள்ளட்டும், வராவிட்டால் திரை சிவப்பாகட்டும். அப்போதுதான் அமைதிக்கும் அடைப்புக்கும் வித்தியாசம் தெரியும்.

ஒத்திகையும் மாறவேண்டும். ஒரு மையத்தின் கரண்ட்டைப் பிடுங்கி இன்னொன்று எடுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அழைப்பை வாங்கிக்கொண்டு வெளியே விடாத சர்வரை வேண்டுமென்றே ஓடவிட்டு, கண்காணிப்பு அறையில் இருப்பவர் எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார் என்று பார்க்கவேண்டும்.

அப்புறம் மனிதர்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ்காரர்களை நாம் முதலில் ஓடிவருபவர்கள் என்கிறோம், அவர்களுக்கும் முன்னால் அந்த அலறலைக் காதில் வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார். மூச்சு நின்ற குழந்தையின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று அம்மாவுக்குப் போனிலேயே சொல்லிக்கொடுப்பவர் அவர், ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்ததும் லைன் துண்டிக்கப்படும், குழந்தை பிழைத்ததா இல்லையா என்று பல நேரம் தெரியவே தெரியாது, அதற்குள் அடுத்த மணி. இவர்களை அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாடு எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறது தெரியுமா? அலுவலக, நிர்வாக உதவிப் பணிகள். 2018-இல் பட்டியலைத் திருத்தியபோதும் அதே பெட்டிதான். பாதுகாப்புப் பணிகள் என்ற பெட்டியில் போலீஸும் தீயணைப்பு வீரர்களும் இருக்கிறார்கள், கூடவே நீச்சல் குளத்தில் காவல் இருப்பவர், நோ பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினால் சீட்டு எழுதுகிறவர், சூதாட்ட விடுதியில் கேமரா பார்க்கிறவர் எல்லோரும் இருக்கிறார்கள். இதை மாற்றச் சொல்லி 2019-இலேயே நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள், அதன் பிறகும் கொண்டுவந்தார்கள். பெட்டி மாறுவதால் சம்பளம் தானாக ஏறிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நீ குமாஸ்தா என்று ஓர் அரசு எழுதிவைத்திருந்தால், உன் தூக்கம் கெடுவதையும் கனவில் குரல்கள் கேட்பதையும் யார் வேலையின் காயம் என்று எடுத்துக்கொள்வார்கள்?

2014 ராத்திரியில் இந்த விஷயம் நேரடியாகவே வருகிறது. எந்தச் சாதனமும் சொல்லாதபோது, 'இந்த நேரத்துக்கு இவ்வளவு அமைதி சரியில்லையே' என்று சந்தேகப்பட்டு, தன் செல்போனை எடுத்து 911 அழுத்திப் பார்க்கக்கூடியவர் அனுபவசாலியான ஓர் அழைப்பு எடுப்பவர்தான். அப்படிப்பட்ட ஆள் பத்து வருடம் அந்த நாற்காலியில் தங்கவேண்டும் என்றால் அவரைத் தங்கவைக்கும்படி நடத்தவேண்டும். ஆள் போதாமல் ஒருவரையே தொடர்ந்து ஓவர்டைம் பார்க்கவைத்தால், அவரும் மணி அடிக்காததை நிம்மதி என்றுதான் நினைப்பார். நாங்கள் டீக்குப் போன மாதிரி.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். 2018 டிசம்பர் 27 அன்று அதே செஞ்சுரிலிங்கின் நெட்வொர்க்கில், டென்வரில் ஒரு கருவி கோணல்மாணலான நான்கு தகவல் பொட்டலங்களை வெளியிட்டது. அவை காலாவதி ஆகாமல் ஒரு கருவியிலிருந்து எல்லாக் கருவிகளுக்கும், அங்கிருந்து மறுபடி எல்லாவற்றுக்கும் பெருகி, மொத்த நெட்வொர்க்கும் 37 மணி நேரம் திணறியது. 29 மாநிலங்களில் 1.7 கோடிப் பேர் வரை 911-ஐ நம்ப முடியாத நிலை, குறைந்தது 886 அழைப்புகள் போய்ச் சேரவில்லை என்று எஃப்சிசி கணக்கிட்டது. 2024 ஏப்ரலில் நெப்ராஸ்கா, நெவாடா, தெற்கு டகோட்டா மாநிலங்களில் 911 போனதற்குக் காரணம், கன்சாஸ் சிட்டியில் யாரோ விளக்குக் கம்பம் நடத் தோண்டியது. எங்கேயோ ஒரு கடப்பாரை, எங்கேயோ ஒரு மாரடைப்பு.

2018-இல் ஒரு விஷயம் மட்டும் வேறு மாதிரி நடந்தது. வாஷிங்டன் மாநிலம்தான் மறுபடியும் மாட்டியது, ஆனால் இந்தத் தடவை சியாட்டில் வட்டாரத்தில் செல்போன்களில் அவசர எச்சரிக்கை அலறியது, 911 கிடைக்காமல் போகலாம் என்று. ராத்திரியில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் நானாக இருந்தால் கண்டிப்பாகத் திட்டியிருப்பேன், அப்புறம் மையத்தின் பத்து இலக்க எண்ணைத் தேடி போனில் பதிந்துவைத்திருப்பேன். எவரெட்டில் கத்தியோடு நின்ற அந்தப் பெண்ணின் கையில் அப்படி ஓர் எண் இருந்திருந்தால், ஒரு தடவை அழுத்தியதே போதுமாக இருந்திருக்கும்.